இல்லாத கட்டிக்கு ஒரு சாட்சி

வளைகுடாவிலிருந்து வருகிறவனின் பெட்டியை எங்கள் பக்கத்தில் தனியாகத் திறந்துவிட முடியாது. தொண்ணூறுகளில் பாறசாலையைச் சுற்றி எந்த வீட்டிலும் அதுதான் வழக்கம். என் கணவர் மஸ்கட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த அன்று சாயங்காலமும் மாமியார், நாத்தனார், அவள் பிள்ளைகள், பக்கத்து விளைக்காரர்கள் எல்லாரும் முன்னறையில் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். சோப்பு, பால்பொடி, தலைவலித் தைலம், டார்ச் லைட் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்து கை மாறிக்கொண்டிருந்தன. என் சேலைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருந்தது. மாமி அதைப் பிரித்து உதறினார். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த பிரா. யாரும் போட்டுக்கொள்ளாமலே அது தன்பாட்டுக்கு நிமிர்ந்து நின்றது.

“இது என்னதுலே மக்கா, பிள்ளேளுக்குள்ள தொப்பியா?”

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள், பிறகு என் நெஞ்சைப் பார்த்தாள், பிறகு சிரிப்பதை நிறுத்தினாள். அவள் நிறுத்தியதுதான் எனக்குத் தாங்கவில்லை. எல்லாரையும்விடச் சத்தமாக நான் சிரித்துவைத்தேன்.

கணவர் கெட்ட எண்ணத்தில் வாங்கியதல்ல. கூட வேலை செய்கிறவர் தன் மனைவிக்கு வாங்கினார், நானும் வாங்கினேன் என்றார். அவர் ஊருக்கு வந்தால் விளக்கை அணைத்த பிறகுதான் நான் ஜாக்கெட்டைக் கழற்றுவேன். ஏன் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமலே இருந்த மனிதர் கடைசியில் ஒரு பதிலைக் கடையில் வாங்கி வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் தமிழ்ப் பள்ளி ஒன்றில் சின்ன வகுப்பு டீச்சர். மூன்று பிள்ளைகள். மூன்று பேருக்கும் பாலுக்குக் குறை வைத்ததில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. கடைக்குட்டி குடியை மறந்த பிறகு ஒருநாள் குளிமுறியில் குனிந்து பார்த்தேன். கிழங்கை எடுத்துக்கொண்டு போட்ட மரச்சீனித் தொலி மாதிரி இரண்டு பக்கமும் சும்மா கிடந்தது. ஜாக்கெட் தைக்கிறவள் அளவெடுக்கும்போது, “டீச்சரே, முன்னால கொஞ்சம் பிடிச்சுத் தரட்டா?” என்று மெதுவாகக் கேட்பாள். அவளுக்கு என்மேல் இரக்கம். பிடிச்சுத் தா என்று சொல்லிவிட்டு வீடு வரும்வரை யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் நடப்பேன். இதற்காக வருத்தப்படுவதே எனக்குக் குற்றமாக இருந்தது. குடித்ததைத் திருப்பித் தா என்று பிள்ளைகளிடம் கேட்பதுபோல.

இதற்கெல்லாம் ஆபரேஷன் இருக்கிறது என்பதை ஒரு மலையாள வார இதழில், வாசகியின் கேள்விக்கு டாக்டர் சொன்ன பதிலில் படித்தேன். பள்ளியில் மற்ற டீச்சர்கள் சமையல் குறிப்பைக் கிழித்துப் போன பிறகு மிஞ்சிய பக்கம் அது. கணவர் திரும்பிப் போனதும் தொலைபேசியில் பட்டும் படாமலும் சொன்னேன்.

“உனக்கு வேணும்ணா செய்யி.”

“உங்களுக்கு?”

“எனக்கு இப்பம் ஒரு குறையும் இல்ல. பின்ன உனக்க இஷ்டமாக்கும்.”

நல்ல மனிதர். வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழியை அவர்மேல் போட்டுவிட்டுப் போயிருப்பேன். வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் சரி. முழுவதையும் என் தலையில் வைத்துவிட்டு ஃபோனை வைத்தார்.

ஒரு சனிக்கிழமை திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறினேன். வீட்டில் பி.எஃப். விஷயம் என்றேன். பி.எஃப். என்றால் மாமி மேற்கொண்டு கேட்கமாட்டார். வார இதழில் பதில் எழுதிய அந்த டாக்டர் பெரும்பாலும் தீப்பட்டவர்களுக்கும் உதடு பிளந்து பிறந்த குழந்தைகளுக்கும் வைத்தியம் பார்க்கிறவர். வெளியே பெஞ்சில் கழுத்தும் தாடையும் ஒட்டிப்போன ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைவிட இளையவள். “நிங்ஙளுக்கு எந்தா?” என்று கேட்டாள். தலைவலி என்றேன். அவள் நம்பவில்லை என்றாலும் மரியாதைக்குத் தலையாட்டினாள்.

டாக்டர் சிரிக்கவில்லை, அறிவுரை சொல்லவும் இல்லை. அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்து, தொட்டுப் பாருங்கள் என்றார். நொங்கை விரலால் அமுக்கியதுபோல் இருந்தது. ஆயுசுக்கும் இருக்கும் என்று உறுதி கிடையாது, சில வருஷத்தில் மாற்ற வேண்டி வரலாம், உள்ளே இறுகிப் போகலாம், கசியலாம், வெளிநாடுகளில் இதைப் பற்றித் தர்க்கம் நடந்துகொண்டிருக்கிறது என்று மலையாளத்தில் பொறுமையாகச் சொன்னார். இன்னும் பிள்ளை பெறும் எண்ணம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். முதலில் மார்பை ஸ்கேன் செய்து கட்டி ஒன்றும் இல்லை என்று தெரிய வேண்டும், அதன் பிறகு யோசித்துத் தேதி சொல்லுங்கள் என்றார். பயமும் சந்தோஷமும் கலந்து வெளியே வந்தேன். பெஞ்சிலிருந்த அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்க்க எனக்கு முகமில்லை.

அடுத்த சனிக்கிழமை ஸ்கேன் எடுக்கும் வரிசையில் உட்கார்ந்திருந்தபோது எங்கள் சபையின் பெண்கள் சங்கச் செயலாளர் என்னைப் பார்த்துவிட்டார். தங்கையின் பிரசவத்துக்கு வந்தவர். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம், இது எதற்குள்ள வரிசை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, என் கையை ஒருமுறை இறுக்கிப் பிடித்துவிட்டுப் போனார். எங்கள் சபையில் ஒரு பெண் காரணம் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனால், காரணத்தைச் சபையே தீர்மானித்து ஜெபத்தில் வைத்துவிடும். நான் வீடு வந்து சேருமுன், எனக்கு மார்பில் கட்டி என்று செய்தி வந்து சேர்ந்திருந்தது. மாமி அடுக்களை வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

“எங்கிட்ட ஏன் பிள்ளே ஒளிச்சே? நான் உனக்க அம்மை இல்லியா?”

சொல்ல நினைத்தேன். மாமி, கட்டியொன்றும் இல்லை, எனக்கு மார்பு வைத்துக்கொள்ள ஆசை. இந்த வாக்கியத்தை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். அந்த அடுக்களையில் அது நிற்காது. அழுகிற கிழவியிடம் போய் எப்படிச் சொல்வது? அதோடு இதுவரை அவர் எனக்காக அழுது நான் பார்த்ததில்லை. அந்த அழுகையும் எனக்கு வேண்டியிருந்தது.

“ஒண்ணும் சொல்லல்ல மாமி. பாத்திட்டுச் சொல்லுவாவ.”

இதில் பொய் எங்கே இருக்கிறது? ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் உபவாச ஜெபம் வைத்தார்கள். காலையிலிருந்து தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு முன்னறை நிறையப் பெண்கள். எங்கள் பக்கத்து ஜெபம் தமிழில் தொடங்கும், சூடு பிடித்ததும் மலையாளத்துக்கு மாறும், அழுகை வந்தால் மறுபடியும் தமிழுக்கு வரும். நடுவில் என்னை முழங்காலில் நிறுத்தித் தலையில் கை வைத்தார்கள். கட்டியைக் கரைத்துப்போடும் ஆண்டவரே என்று ஒருத்தி தொடங்க மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். என் இடது கையை இரண்டு வீடு தள்ளியிருக்கும் அக்கா பிடித்திருந்தாள். அங்கன்வாடி டீச்சர், என்னைவிடப் பத்து வயது மூத்தவள், பாடகர் குழுவில் நல்ல குரல் அவளுடையதுதான். அவள் உள்ளங்கை வேர்த்து நனைந்திருந்தது. எனக்காக இப்படி வேர்க்கிறாளே என்று கூசியது.

அந்த நேரத்தில் என் மனம் எங்கே இருந்தது என்பதை எழுதத்தான் வேண்டும். டாக்டர் இரண்டு அளவு காட்டியிருந்தார். பெரியது வேண்டாம், பள்ளியில் பேச்சாகிவிடும், சின்னதே போதும் என்று தீர்மானித்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு பெண்கள் பசித்த வயிற்றோடு எனக்காகக் கதறிக்கொண்டிருந்தார்கள், நான் அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெபம் முடிந்து சாயா கொடுக்கும்போது என் நடுப்பிள்ளை பிஸ்கட்டைத் தொடவில்லை. அம்மைக்குச் சுகமாகும்வரை தின்னமாட்டேன் என்று அதுவும் நேர்ந்துகொண்டதாம். அன்று ராத்திரி அதை மடியில் போட்டுக் கெஞ்சி ஊட்டினேன்.

ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்தது. இருக்காது என்று எனக்கு முன்னமே தெரியும். மாமிக்கு அப்படியல்ல. “ஒண்ணுமில்லியா? ஒண்ணுமே இல்லியா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, அப்படியே தரையில் முழங்கால் போட்டார். கொல்லையில் தார் விட்டிருந்த செவ்வாழையைச் சபைக்கு நேர்ந்தார். ஜெபத்துக்குப் பலன் கிடைத்தால் சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும், அது எங்கள் முறை. சொல்லாமல் இருந்தால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை எழுந்தேன்.

“எனக்காக ஜெபித்த எல்லாருக்கும் நன்றி. ஸ்கேனில் ஒரு கட்டியும் இல்லையென்று சொல்லிவிட்டார்கள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.”

மூன்றும் உண்மையான வாக்கியங்கள். ஸ்தோத்திரம் என்று சபை முழுவதும் திருப்பிச் சொன்னபோது காதுவரை சுட்டது. உட்கார்ந்ததும் அடுத்த கவலை வந்தது, அதையும் மறைக்க விரும்பவில்லை: ஆண்டவர் சுகமாக்கிவிட்ட இடத்தில் இனி ஆபரேஷனுக்கு என்ன காரணம் சொல்வது?

இரண்டு நாள் கழித்து நான் வீட்டுக்குப் பின்னால் துணி அலசிக்கொண்டிருந்தபோது அக்கா வந்தாள். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுத் துவைக்கிற கல்லின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“எனக்கும் ஒண்ணு உண்டு மக்கா. போன மழைக்காலத்திலிருந்தே உண்டு. யாருகிட்டயும் சொல்லல்ல. டாக்டர்கிட்ட காட்டினா அறுத்துப் போடுவாவ. உனக்க சாட்சி கேட்டப்பம்தான் எனக்கு உயிரு வந்தது.”

எனக்குக் கையிலிருந்த துணி கனத்தது. அன்று வேர்த்த உள்ளங்கை என்னை நினைத்து வேர்க்கவில்லை.

“நீ சுகம் கிட்டினவ. எனக்க தலையில கை வச்சு நீ ஜெபிக்கணும்.”

சுகம் பெற்றவள் ஜெபித்தால் அதற்கு வலு கூடுதல் என்பது எங்கள் நம்பிக்கை. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்தேன், இத்தனை நாள் சுமந்ததை இறக்கிவைத்த முகம். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவள் தலையில் வைத்தேன். ஜெபம் தடையில்லாமல் வந்தது, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. டீச்சர் நாக்கு அல்லவா, எதைக் கொடுத்தாலும் ஒப்பித்துவிடும். நடுவில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என் முதுகைத் தடவி ஆறுதல் சொன்னாள்.

நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பள்ளி அடைக்கும்வரை போயிற்று. ஞாயிறுதோறும் அவள் முன்வரிசையில் நின்று முழுக் குரலில் பாடுவாள். பாட்டு நடுவில் என்னைத் தேடிப் பார்த்துச் சிரிப்பாள். அவளை ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்ல, நான் போன காரியத்தைச் சொல்ல வேண்டும். அவள் உயிர் ஒரு பக்கம், என் மானம் ஒரு பக்கம். அப்படிப் பச்சையாக நினைத்துப் பார்க்க அப்போது நான் துணியவில்லை. இன்னும் கொஞ்ச நாள் என்று மட்டும் நினைத்தேன்.

விடுமுறை தொடங்கிய வாரம் அக்கா ஓடிவந்தாள். என்னை அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

“கரையுது மக்கா. கொறஞ்சிருக்கு. நீயே பாரு.”

என் கையைப் பிடித்துத் தன் ஜாக்கெட்டுக்குள் வைத்தாள். கொட்டைப்பாக்கு மாதிரி கெட்டியாக, அசையாமல் இருந்தது. மேல்தோல் உள்ளே இழுத்துச் சுருங்கியிருந்தது. எது குறைந்ததென்று எனக்குத் தெரியவில்லை. கையை எடுக்கவும் முடியவில்லை.

“அக்கா, எனக்குக் கட்டி இல்ல.”

“அதாக்கும் கர்த்தரு எடுத்துப் போட்டாருல்லா.”

“எடுத்துப் போடல்ல. முதல்லயே இல்ல.”

“பின்ன என்னத்துக்குப் பிள்ளே ஸ்கேன் எடுத்தே?”

சொன்னேன். பிராவிலிருந்து தொடங்கி, அந்த நொங்கு போன்ற சாதனம், இரண்டு அளவு, ஆபரேஷனை மே மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் கையை எடுத்து என் மடியில் வைத்தாள். ஜாக்கெட் கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டினாள்.

“அப்பம் நான் அண்ணைக்குப் பட்டினி கிடந்தது?”

பதிலை எதிர்பார்த்து அவள் கேட்கவில்லை. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, “நாளைக்கு நீ எனக்க கூட வாறியா?” என்று மட்டும் கேட்டாள். வாறேன் என்றேன்.

திருவனந்தபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதித்துவிட்டு, கொஞ்சம் முன்னாலே வந்திருக்கலாமே என்றார்கள். எவ்வளவு முன்னால் என்று நான் கேட்கவில்லை. அவளாக ஒளித்துவைத்த மாதங்கள் உண்டு, அதன்மேல் நான் சேர்த்த வாரங்கள் உண்டு. எது எவ்வளவு கெடுத்தது என்று எந்த டாக்டரும் பிரித்துச் சொல்லப்போவதில்லை. வலது பக்கம் முழுவதும் எடுத்தார்கள். கட்டு மாற்றும்போது நான்தான் கூட இருந்தேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள், நான் பார்ப்பேன். பார்க்காமல் இருக்க எனக்கு உரிமையில்லை என்று நினைத்தேன்.

மாமியிடமும் சொன்னேன். நாலைந்து நாள் என் முகத்தைப் பார்க்காமல் சோறு விளம்பினார். பிறகு ஒருநாள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தி, “நான் அண்ணைக்குத் தொப்பிண்ணு சிரிச்சேனே, அதுனாலயா?” என்று கேட்டார். இல்லை மாமி என்றேன். ஆமாம் என்று சொல்லியிருந்தாலும் அது முழு உண்மை ஆகாது.

சிகிச்சையெல்லாம் முடிந்து மழையும் ஓய்ந்த பிறகு அக்கா கேட்டாள், “உனக்க டாக்டரு எனக்கு ஒண்ணு வச்சுத் தருவாரா?” நான் இதை எதிர்பார்க்கவில்லை. ஆசை என்னைப் போன்றவர்களுக்குத்தான், அவளைப் போன்றவர்களுக்கு உயிர் மிஞ்சினால் போதும் என்று நினைத்திருந்தேன் போல. கூட்டிக்கொண்டு போனேன். அவர் நெடுநேரம் பார்த்தார். கதிர்வீச்சு பட்ட தோல் இது, தாங்காது, புண்ணாகிவிடும், உள்ளே பொருள் வைப்பது சரிவராது என்று தணிந்த குரலில் சொன்னார். அக்கா “செரி டாக்டரே” என்று சேலையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு அவர் என் பக்கம் திரும்பி, நீங்கள் தேதி சொல்லவில்லையே என்றார்.

திரும்பி வரும் பஸ் நெய்யாற்றின்கரையைத் தாண்டியது. அதன் பிறகு நான்தான் ஆரம்பித்தேன். எனக்கும் வேண்டாம் அக்கா, நான் விட்டுவிட்டேன் என்றேன். சொல்லும்போது நெஞ்சில் ஒரு இதமும் வந்தது, மறைப்பானேன். இவ்வளவு நாள் பாரத்துக்கு ஒரு பரிகாரம் கிடைத்துவிட்டது போல.

அவள் ஜன்னல் பக்கத்திலிருந்து திரும்பினாள். அந்த முகத்தில் அதுவரை நான் பார்க்காத கோபம் இருந்தது.

“எனக்காக விட்டியோ?”

கையிலிருந்த பஸ் டிக்கெட்டை நான் சுருட்டினேன்.

“நீ விட்டா எனக்குத் திரும்ப முளைக்குமா? கேளு பிள்ளே. எனக்குப் பொய்யா ஒரு ஜெபம் செஞ்சாச்சு. இனி எனக்க பேருல பொய்யா ஒரு உபவாசமும் இருக்காண்டாம். வேணும்ணா வை, வேண்டாம்ணா வைக்காண்டாம். எனக்க தலையில அத வைக்காதே.”

நான் ஆபரேஷன் செய்துகொள்ளவில்லை. அவளுடைய கட்டு மாற்றியதைப் பார்த்ததிலிருந்து கத்தி என்றாலே எனக்குப் பயம், அதுதான் காரணம். கணவரிடம் அதையே சொன்னேன். ஆசை போகவில்லை, அது வேறு விஷயம். உனக்காக ஒன்றை விட்டுக்கொடுத்தேன் என்று அவளிடம் ஒருநாளாவது சொல்லிவிட்டால் எனக்குத் தூக்கம் வரும் என்று தோன்றிய நாட்கள் பல உண்டு. அவள் அதற்கு இடம் தரவில்லை.